கவுன்சில் சாரி சொல்லிடுச்சு, சுவர் மட்டும் அப்படியே நிக்குது

போன மாசம் கடைசி வரியில "பக்கத்து வீட்டு எக்ஸ்டென்ஷன், பிளானிங் பெர்மிஷன் பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்க"ன்னு சும்மா ஒரு வரி போட்டேன், இத்தனை லெட்டர் வரும்னு நெனைக்கவே இல்ல. நான் ஒரு கவுன்சில் பிளானிங் டிபார்ட்மென்ட்ல 19 வருஷம் ஃபைல் தள்ளினவ, அதனால சில இடத்துல ஆபீசருங்களுக்கு வக்காலத்து வாங்குற மாதிரி தோணும், திட்டிக்கோங்க பரவாயில்ல. கவுன்சில் பேரு தெரு பேரு எல்லாத்தையும் நான்தான் எடுத்துட்டேன். நான் சொல்றது இங்கிலாந்து சட்டம் மட்டும், ஸ்காட்லாந்து வேல்ஸ் வட அயர்லாந்துல ரூல் வேற.

கேள்வி: அக்கா, நாங்க செமி டிடாச்ட் வீட்ல 22 வருஷமா இருக்கோம். ஒட்டின வீட்டுக்காரங்க பின்பக்கம் ரெண்டு மாடிக்கு எக்ஸ்டென்ஷன் போட அப்ளை பண்ணாங்க, வெளிச்சம் போயிடும்னு நாங்க ஆப்ஜெக்‌ஷனும் எழுதினோம். அப்பவும் பெர்மிஷன் குடுத்துட்டாங்க. இப்ப சுவர் பாதி ஏறின பிறகு ஆபீசர் ரிப்போர்ட்டை ஆன்லைன்ல எடுத்துப் படிச்சா, எங்க மாடி ஜன்னலை "பாத்ரூம் ஜன்னல், ஆகவே பாதிப்பு இல்லை"ன்னு எழுதி வச்சிருக்காங்க. அது என் பொண்ணோட பெட்ரூம் அக்கா! கம்ப்ளெயின்ட் பண்ணோம், "தவறுதான், வருந்துகிறோம், ஆனா பெர்மிஷன் செல்லும்"னு பதில் வந்திருக்கு. தப்புன்னு அவங்களே ஒத்துக்கிட்ட பிறகு அது எப்படி செல்லும்? கேன்சல் பண்ண வைக்க முடியாதா? முடிவு வந்து அஞ்சு மாசம் ஆச்சு.

பதில்: தானா கேன்சல் ஆகாதும்மா. இதை மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா "அவங்கதான் ஒத்துக்கிட்டாங்களே"ன்னு நம்பி அந்த லெட்டரையே கையில வச்சுக்கிட்டு ஒரு வருஷத்தை தொலைச்சவங்களை நான் நெறைய பாத்திருக்கேன். பெர்மிஷன் ஒரு தடவை வெளிய போயிடுச்சுன்னா அது பக்கத்து வீட்டு நிலத்தோட ஒட்டிக்கிட்ட உரிமை, தப்பா குடுத்திருந்தாலும் கோர்ட் ரத்து பண்ற வரைக்கும் அது செல்லும். எந்த அளவுக்குன்னா, கென்ட்ல ஸ்வேல் கவுன்சில்ல 2021ல ஒரு கூத்து நடந்துச்சு, பேப்பர்லயே வந்துச்சு. சாஃப்ட்வேர் சரியா ஓடுதான்னு டெஸ்ட் பண்ண, ஒரு ஜூனியர் ஸ்டாஃப் நெஜமான 5 அப்ளிகேஷனுக்கு வாய்க்கு வந்ததை டைப் பண்ணி வச்சிருக்காங்க, அது அப்படியே வெப்சைட்ல முடிவா வெளிய வந்துடுச்சு. ஒண்ணுல கண்டிஷன் எழுத வேண்டிய இடத்துல குழந்தைங்க ரைம்ஸ் வார்த்தைங்க. பாக்கற யாருக்கும் இது வெளையாட்டுன்னு தெரியும். ஆனாலும் சட்டப்படி அது முடிவுதான், கோர்ட் மூலமாத்தான் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. ரைம்ஸுக்கே அப்படின்னா உங்க பாத்ரூமுக்கு எப்படி இருக்கும்னு பாத்துக்கோங்க.

கவுன்சிலே வாபஸ் வாங்க வழி இல்லாம இல்ல. 1990 டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் ஆக்ட்ல 97ஆவது செக்‌ஷன் இருக்கு, வேலை முடியறதுக்குள்ள பெர்மிஷனை ரத்து பண்ணலாம், மாத்தலாம். ஆனா 107ஆவது செக்‌ஷன்படி கட்டினவங்களுக்கு ஆன செலவு, நஷ்டம் எல்லாத்துக்கும் கவுன்சில் காசு குடுக்கணும். கட்டறவங்க எதிர்த்தா மந்திரி வரைக்கும் போய் ஒப்புதல் வாங்கணும். நான் இருந்த 19 வருஷத்துல எங்க ஆபீஸ்ல ஒரு தடவை கூட இதை எடுத்து நான் பாக்கல. "கேளுங்க"ன்னு நான் சொல்றது, கேட்டதுக்கும் அவங்க மறுத்ததுக்கும் ஒரு பேப்பர் இருக்கட்டும்னுதான்.

கோர்ட்னா ஜுடிஷியல் ரிவ்யூ, அதாவது கவுன்சில் முடிவு எடுத்த விதம் சட்டப்படி சரியான்னு ஜட்ஜ் பாக்கறது. பிளானிங் முடிவுக்கு 6 வாரத்துக்குள்ள போடணும், அதுவும் முடிவு எடுத்த தேதிலேர்ந்து, உங்களுக்கு தெரிஞ்ச தேதிலேர்ந்து இல்ல. அஞ்சு மாசத்துல அந்தக் கதவு ஏறக்குறைய மூடியாச்சு. திறந்திருந்தாலும் சும்மா இல்ல. தனி ஆள் வழக்கு போட்டா தோத்த பிறகு எதிர்த்தரப்புக்கு குடுக்க வேண்டிய செலவுக்கு பொதுவா 5,000 பவுண்ட்னு உச்சவரம்பு உண்டு, ஆனா உங்க சொந்த வக்கீல் பில்லுக்கு எந்த வரம்பும் கிடையாது. ஜெயிச்சாலும் ஃபைல் மறுபடி அதே கவுன்சிலுக்குத்தான் போகும், அவங்க இந்த தடவை "பெட்ரூம்"னு கரெக்டா எழுதிட்டு அதே பெர்மிஷனை திருப்பி குடுக்கலாம்.

இங்கதான் விஷயமே இருக்கு, கவனமா படிங்க. கோர்ட்டா இருந்தாலும், கவுன்சில் மேல வர்ற புகாரை விசாரிக்கற ஆம்பட்ஸ்மேனா இருந்தாலும் "தப்பு நடந்துச்சா"ங்கறதோட நிக்க மாட்டாங்க. அந்தத் தப்பு நடக்கலன்னா முடிவு மாறியிருக்குமா, அதைத்தான் கேப்பாங்க. வர்ற லெட்டர்ல பத்துக்கு எட்டு, கவுன்சில் எவ்வளவு மோசமா நடந்துச்சுன்னு நாலு பக்கம் இருக்கு, முடிவு எப்படி மாறியிருக்கும்னு ஒரு வரி இல்ல. உங்க கேஸ்ல அந்த ஒரு வரி நல்லாவே இருக்கு. பாத்ரூமுக்கு வெளிச்சம் கொறைஞ்சா பிளானிங்ல பெரிசா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா பெட்ரூம்ங்கறது ஆள் வாழுற ரூம், கணக்குல வரும். நெறைய கவுன்சிலோட டிசைன் கைடுலயே 45 டிகிரி டெஸ்ட்னு ஒண்ணு இருக்கும். உங்க ஜன்னல் நடுவுலேர்ந்து 45 டிகிரில ஒரு கோடு போட்டா புது கட்டிடம் அதை வெட்டுதான்னு பாக்கறது. உங்க கவுன்சில் கைடை டவுன்லோட் பண்ணி, அவங்க பிளான் மேலயே அந்தக் கோட்டை பென்சில்ல போட்டுப் பாருங்க. வெட்டுச்சுன்னா, "கரெக்டா எழுதியிருந்தா உங்க சொந்த கைடுபடியே இது ஃபெயில்"னு சொல்ல முடியும். வெட்டலன்னா உங்களுக்கு கெடைக்கப் போறது ஒரு சாரியும் சில நூறு பவுண்டும்தான், இப்பவே மனசை தயார் பண்ணிக்கோங்க.

கூடவே சைட் விசிட் போட்டோவையும் நோட்ஸையும் எழுத்துல கேளுங்க, 20 வேலை நாளுக்குள்ள பதில் தரணும். ஆபீசர் வந்தாரா, எங்க நின்னு பாத்தாருன்னு அதுல தெரிஞ்சிடும். இதை ஏன் சொல்றேன்னா நானே ஒரு தடவை ரோட்ல நின்னு பாத்துட்டு ஒரு சமையலறையை கராஜ்னு எழுதினவ. அந்தம்மா வந்து கவுன்டர்ல நின்னு, கத்தாம, போட்டோவை மட்டும் எடுத்து வச்சாங்க. இன்னிக்கும் அது ஞாபகம் இருக்கு.

கவுன்சில் கம்ப்ளெயின்ட் ஸ்டேஜ் எல்லாம் முடிச்சிட்டு லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்பட்ஸ்மேனுக்கு போங்க, ஃப்ரீ. உங்களுக்கு தெரிஞ்ச 12 மாசத்துக்குள்ள போகணும். அவங்களால பெர்மிஷனை ரத்து பண்ண முடியாது, சுவரை இடிக்கச் சொல்ல முடியாது. ஆனா முடிவு மாறியிருக்கும்னு அவங்களுக்கு பட்டா, தப்புக்கு முன்னாடி பின்னாடி உங்க வீட்டு மதிப்பை டிஸ்ட்ரிக்ட் வேல்யூவரை விட்டு கணக்கு பாத்து, அந்த வித்தியாசத்தை கவுன்சில் குடுக்கணும்னு கூட சொல்லலாம். அவங்க சொல்றது சட்டப்படி கட்டாயம் இல்லன்னாலும் கவுன்சிலுங்க பெரும்பாலும் கேட்டுடும்.

இன்னொண்ணு, நீங்க கேக்கவே இல்ல ஆனா எனக்கு இதான் அவசரமா படுது. 22 வருஷமா அந்த ஜன்னல் வழியா வெளிச்சம் வந்திருக்கு இல்லையா? 1832லயே வந்த பிரிஸ்கிரிப்ஷன் ஆக்ட்படி 20 வருஷம் தடையில்லாம வந்த வெளிச்சத்துக்கு உரிமை வந்துடும், ரைட் டு லைட்னு சொல்வாங்க. இது கவுன்சில் சமாச்சாரமே இல்ல, உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல உள்ள சிவில் உரிமை, பிளானிங் பெர்மிஷன் கையில இருக்குன்னு சொல்லி அவங்க தப்பிக்க முடியாது. சுவர் பாதிதான் ஏறியிருக்குன்னா ஒரு ரைட் டு லைட் சர்வேயரை இந்த வாரமே கூப்பிடுங்க, கூரை போட்ட பிறகு இல்ல.

கேள்வி: அக்கா, எங்கட வீட்டுக்குப் பின்னால இருக்கிற காணிக்குள்ள ரெண்டு வீடு கட்ட கவுன்சில் பெர்மிஷன் குடுத்திருக்கு. எங்களுக்கு ஒரு கடிதமும் வரேல்ல, அங்கால பக்கத்து ஆக்களுக்கு மட்டும் போயிருக்கு. டிகர் வந்து நிண்ட பிறகுதான் எங்களுக்கே தெரியும். ஃபோன் அடிச்சுக் கேட்டால் லாம்ப் போஸ்டில நோட்டீஸ் ஒட்டினது எண்டு சொல்லுகினம். அது மற்றத் தெருவில இருக்கிற லாம்ப் போஸ்ட், நாங்கள் அந்தப் பக்கம் போறதே இல்லை. இது ஞாயமோ?

பதில்: ஞாயம் இல்ல. சட்டம் ஒத்துக்குதாங்கறது வேற கேள்வி. இந்த மாதிரி சின்ன அப்ளிகேஷனுக்கு சட்டம் கேக்கறது ரெண்டுல ஒண்ணுதான், சைட் பக்கத்துல 21 நாள் நோட்டீஸ், இல்லன்னா எல்லை ஒட்டின வீட்டுக்காரங்களுக்கு லெட்டர். லாம்ப் போஸ்ட்ல ஒட்டியிருந்தா குறைஞ்சபட்ச சட்டம் முடிஞ்சிடுச்சு. மழையில கிழிஞ்சு தொங்குற அந்த மஞ்சள் பேப்பரை யாரு நின்னு படிக்கறாங்கன்னு ஆபீஸ்லயே நாங்க பேசிச் சிரிப்போம்.

ஆனா ஒவ்வொரு கவுன்சிலும் "ஸ்டேட்மென்ட் ஆஃப் கம்யூனிட்டி இன்வால்வ்மென்ட்"னு ஒரு டாக்குமென்ட் போட்டு வச்சிருக்கும், அவங்க வெப்சைட்லயே கெடைக்கும், தேடிப் படிங்க. அதுல "எல்லை ஒட்டின எல்லா வீட்டுக்கும் கடிதம் அனுப்புவோம்"னு எழுதியிருந்து உங்களுக்கு அனுப்பலன்னா அப்ப அது அவங்க சொந்த வாக்கையே மீறினது, அது தப்பு. லெட்டர் யாருக்கெல்லாம் போச்சுங்கற லிஸ்ட்டையும் கேளுங்க. அந்த லிஸ்ட்ல உங்க நம்பர் இருந்துச்சுன்னா கதை மாறிடும், ஏன்னா அனுப்பினதுக்கு ரெக்கார்ட் இருந்தா போதும், உங்க கையில வந்து சேந்துச்சுன்னு அவங்க நிரூபிக்க தேவையில்ல.

மேல உள்ள பதில்ல சொன்ன அதே கேள்வி உங்களுக்கும் வரும். லெட்டர் வந்திருந்தா நீங்க என்ன எழுதியிருப்பீங்க? அங்கால வீட்டு ஆட்கள் ஏற்கனவே எழுதின பிரைவசி, பார்க்கிங் இதெல்லாம்தான் நீங்களும் எழுதியிருப்பீங்கன்னா, ஆபீசர் அதையெல்லாம் பாத்துதான் முடிவு பண்ணாரு, உங்க லெட்டரால எதுவும் மாறியிருக்காதுன்னு சொல்லிடுவாங்க. உங்க காணிக்கு மட்டும் உள்ள விஷயம் ஏதாவது இருக்கா பாருங்க. தரை அவங்க பக்கத்தைவிட தாழ்வா இருக்கா, அந்த உயர வித்தியாசம் பிளான்ல காட்டியிருக்கா, உங்க பின் ரூம் ஜன்னல் அவங்க வரைபடத்துல இருக்கா? வேற யாராலயும் சொல்லியிருக்க முடியாததை நீங்க சொல்லியிருப்பீங்கன்னா அதுதான் உங்க கேஸ்.

டிகர் வந்த கதையை அப்புறம் எழுதலாம், மொதல்ல முடிவு தேதி என்னன்னு இன்னிக்கே பாருங்க. 6 வாரம் இன்னும் தாண்டலன்னா நாளைக்கு காலைல பிளானிங் தெரிஞ்ச சொலிசிட்டர் ஒருத்தர்கிட்ட போங்க, இந்தப் பத்திரிகைக்கு பதில் எழுதிக்கிட்டு இருக்காதீங்க.

கேள்வி: எஸ்டேட் ஏஜென்ட் வந்து பாத்துட்டு, பக்கத்துல கட்டறதால எங்க வீட்டு விலை 40,000 பவுண்ட் கொறையும்னு சொல்றாரு. கவுன்சில் மேல கேஸ் போட்டு அந்தக் காசை வாங்க முடியுமா மேடம்? எஸ் ஆர் நோ சொன்னா போதும்.

பதில்: நோ. பெர்மிஷன் குடுக்கும்போது அக்கம்பக்கத்து வீட்டுக்காரருக்கு நஷ்டம் வராம பாத்துக்கற கடமை கவுன்சிலுக்கு இல்லன்னு கோர்ட்டுங்க சொல்லியாச்சு, கவனக்குறைவுன்னு நஷ்டஈடு கேஸ் நிக்காது. காசு வர்ற ஒரே சந்து மேல சொன்ன ஆம்பட்ஸ்மேன் வழிதான். ஆப்ஜெக்‌ஷன் எழுதும்போதும் "வீட்டு விலை கொறையும்"னு எழுதவே எழுதாதீங்க, வியூ போகும்னும் எழுதாதீங்க, ஆபீசர் கண்ணு அடுத்த பாராவுக்கு போயிடும். வெளிச்சம், பிரைவசி, சத்தம், டிராஃபிக், கட்டிடத்தோட பருமன் இதெல்லாம் எழுதுங்க.

கேள்வி: பக்கத்து வீட்டு கிரவுண்ட் ஃப்ளோர் எக்ஸ்டென்ஷன் ஃப்ளாட் ரூஃப். ஆபீசர் ரிப்போர்ட்ல "கூரையை பால்கனியாக பயன்படுத்தக் கூடாது என நிபந்தனை விதிக்கப்படும்"னு தெளிவா இருக்கு. அதைப் படிச்சுட்டு நாங்களும் நிம்மதியா இருந்துட்டோம். இப்ப அவங்க கதவு வச்சு, சேர் போட்டு, எங்க தோட்டத்தைப் பாத்துக்கிட்டே காபி குடிக்கறாங்க. கவுன்சிலுக்கு எழுதினா, டிசிஷன் நோட்டீஸ்ல அந்த கண்டிஷனை சேக்க விட்டுப்போச்சு, அதனால ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க அக்கா. இதெல்லாம் ஒரு பதிலா?

பதில்: வயித்தெரிச்சலான பதில். ஆனா சட்டப்படி அதுதான் பதில். ரிப்போர்ட்ங்கறது ஆபீசர் யோசிச்சது, டிசிஷன் நோட்டீஸ்தான் பெர்மிஷன். நோட்டீஸ்ல இல்லாத கண்டிஷனை யாரும் மீற முடியாது, மீறாததுக்கு என்ஃபோர்ஸ்மென்ட்டும், அதாவது கவுன்சில் நடவடிக்கையும், வராது. ரிப்போர்ட்லேர்ந்து கண்டிஷனை ஒவ்வொண்ணா காப்பி பண்ணி டெம்ப்ளேட்ல ஒட்டுவாங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வரி தப்பிச்சா இப்படித்தான். நான் பாத்த தப்புலயே அதிகமா நடக்கறது இதுதான்.

விரல் நுனில ஒரு நம்பிக்கை இருக்கு. விரால் (Wirral)ங்கற ஏரியால ஒரு ஹோட்டலுக்கு 2011ல கவுன்சில் மூணு மார்க்கீ கூடாரம் போட பெர்மிஷன் குடுத்துச்சு, அஞ்சு வருஷத்துக்கு மட்டும்னு முடிவு, ஆனா வெளிய போன நோட்டீஸ்ல அந்த அஞ்சு வருஷக் கண்டிஷனே இல்ல. அஞ்சு வருஷம் முடிஞ்சும் கூடாரம் போகல. 2017ல வேற ஒரு கம்பெனி வழக்கு போட்டுச்சு, 6 வாரம் எங்க அஞ்சரை வருஷம் எங்க, ஆனாலும் கோர்ட் நேரத்தை நீட்டி பெர்மிஷனை ரத்து பண்ணுச்சு, 2019ல கோர்ட் ஆஃப் அப்பீலும் அதை உறுதி பண்ணிடுச்சு. ஏன்னா அது அஞ்சு வருஷத்துக்குத்தான்னு ஹோட்டல்காரங்களுக்கும் நல்லா தெரியும், தெரிஞ்சே கமுக்கமா இருந்துட்டாங்க. இது ரொம்ப அபூர்வமான கேஸ்னு அந்த ஜட்ஜுங்களே சொன்னாங்க, இதை நம்பி வீட்டை அடகு வச்சு கேஸுக்கு போயிடாதீங்க.

உங்களுக்கு ஆம்பட்ஸ்மேன்தான் சரியான இடம், அதுவும் உங்க கேஸ் முதல் கேள்விக்காரங்களுதை விட பலமானது. முடிவு மாறியிருக்குமான்னு யாரும் ஊகிக்கவே வேண்டாம், "கண்டிஷன் விதிக்கப்படும்"னு அவங்க கையெழுத்துலயே இருக்கு. கேக்கும்போது சாரி கேக்காதீங்க, குறிப்பா கேளுங்க. அந்த எல்லையில பிரைவசி ஸ்க்ரீன் வைக்க பக்கத்து வீட்டுக்காரங்க சம்மதிச்சா செலவை கவுன்சில் ஏத்துக்கணும், சம்மதிக்கலன்னா உங்க பக்கம் மரமோ பந்தலோ வைக்கற செலவு. 2023ல டேட் மாடர்ன் மியூசியத்தோட பார்வை மாடத்துக்கு எதிரா எதிர் ஃப்ளாட்காரங்க சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சதை வச்சு நெறைய பேர் "நமக்கும் கேஸ் இருக்கு"ன்னு எழுதறாங்க. அங்க வருஷத்துக்கு லட்சக்கணக்கான பேர் வந்து நின்னு உள்ள எட்டிப் பாத்து போட்டோ எடுத்தாங்க. ரெண்டு பேர் காபி குடிக்கறது அதுல வராது.

கேள்வி: 6 மீட்டர் எக்ஸ்டென்ஷன்னு கவுன்சில்லேர்ந்து ஒரு லெட்டர் வந்துச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனுஷன், முகத்தை முறிச்சுக்க வேண்டாம்னு பதில் போடல. இப்ப கட்டினதைப் பாத்தா எங்க கிச்சன்ல பட்டப்பகல்ல லைட் போடணும் போல இருக்கு. இவ்வளவு பெருசுக்கு கவுன்சில் எப்படி கண்ணை மூடிக்கிட்டு பெர்மிஷன் குடுத்துச்சு? இது அவங்க தப்புதானே?

பதில்: இல்லீங்க, இந்த தடவை கவுன்சிலை விட்டுடுங்க. ஒட்டின வீட்டுக்கு பின்னாடி தரைத்தளம் மட்டும் 3 மீட்டர் நீளம் வரைக்கும் பிளானிங் கேக்காமலே கட்டலாம், தனி வீட்டுக்கு 4. அதைத் தாண்டி 6 மீட்டர், தனி வீட்டுக்கு 8 மீட்டர் வரை போகணும்னா பிரையர் அப்ரூவல்னு ஒரு முறை, 2013ல வந்துச்சு. அதுல எல்லை ஒட்டினவங்களுக்கு லெட்டர் போகும், யாராவது ஆப்ஜெக்ட் பண்ணாத்தான் உங்களுக்கு பாதிப்பு உண்டான்னு கவுன்சில் பாக்கவே ஆரம்பிக்கும். யாரும் எழுதலன்னா வெளிச்சத்தை அவங்க பாக்கவே தேவையில்ல. அந்த லெட்டர்தான் உங்களுக்கு இருந்த ஒரே சந்தர்ப்பம். "ஆப்ஜெக்‌ஷன்"ங்கற வார்த்தை பெரிய சண்டை மாதிரி கேக்குது, ஆனா "கட்டிக்கட்டும், 4 மீட்டரோட நிறுத்தினா எங்க கிச்சனுக்கு வெளிச்சம் இருக்கும்"னு ரெண்டு வரி எழுதியிருந்தா போதும், அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லிட்டும் எழுதியிருக்கலாம்.

இப்ப செய்யறதுக்கு ஒண்ணு இருக்கு, அளந்து பாருங்க. 6ன்னு சொல்லி 6.4 கட்டியிருந்தா, எல்லைலேர்ந்து 2 மீட்டருக்குள்ள கூரை ஓரம் 3 மீட்டர் உயரத்தைத் தாண்டியிருந்தா, அது வேற கதை, என்ஃபோர்ஸ்மென்ட்டுக்கு எழுதலாம். நடவடிக்கை எடுக்கறதும் விடறதும் கவுன்சில் இஷ்டம், சின்ன வித்தியாசம்னா "எக்ஸ்பீடியன்ட் இல்ல", அதாவது நடவடிக்கை எடுக்கற அளவுக்கு இல்லன்னு ஃபைலை மூடிடுவாங்க, அந்த வார்த்தையை நானே எத்தனை லெட்டர்ல டைப் பண்ணியிருப்பேன். ஆனா நடவடிக்கை எடுக்க கவுன்சிலுக்கு இருந்த பழைய நாலு வருஷக் கெடு முடியப் போகுதேன்னு அவசரப்பட்டு பயப்பட வேண்டாம், 2024 ஏப்ரல் 25க்கு அப்புறம் கட்டி முடிச்ச வேலைக்கு காலம் 10 வருஷம். ஒளிச்சு வச்சாலும் தப்பிக்க முடியாது, சர்ரேல ஒரு விவசாயி கோட்டை மாதிரி வீட்டைக் கட்டி வைக்கோல் கட்டுக்குள்ள நாலு வருஷம் மறைச்சு வச்சாரு, கடைசில 2016ல அவரே இடிக்க வேண்டியதாப் போச்சு.

கேள்வி: நான் எதிர்ப்பக்கத்து ஆள் மேடம், கட்டினவன். தோட்டத்துல அவுட்பில்டிங் போட கவுன்சிலுக்கு ஃபோன் பண்ணி கேட்டேன், பெர்மிஷன் தேவையில்லன்னு ஆபீசரே சொன்னாரு. கட்டி முடிச்ச பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கம்ப்ளெயின்ட் பண்ணி, இப்ப அதே கவுன்சில் உயரம் ஜாஸ்தி, குறைங்கன்னு லெட்டர் போடுது. அவங்க தப்புக்கு நான் ஏன் இடிக்கணும்?

பதில்: ஃபோன்ல சொன்னது காத்தோட போச்சுங்க. ஆபீசர் வாய்வார்த்தையா சொன்னதை வச்சு கவுன்சிலைக் கட்டிப்போட முடியாதுன்னு ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் 2002லயே தீர்த்து வச்சிடுச்சு, இமெயில்ல சொல்லியிருந்தாலும் பெரும்பாலும் அதே கதிதான். சந்தேகம்னா சர்டிஃபிகேட் ஆஃப் லாஃபுல்னெஸ் வாங்கணும், அது ஒண்ணுதான் கவுன்சிலைக் கட்டுப்படுத்தும் பேப்பர்.

எல்லையிலேர்ந்து 2 மீட்டருக்குள்ள எந்தப் பகுதி இருந்தாலும் மொத்தக் கட்டிடமும் 2.5 மீட்டர் உயரத்துக்குள்ள இருக்கணும், உங்களுக்கு அங்கதான் இடிச்சிருக்கும்னு நெனைக்கறேன். இடிக்கறதுக்கு முன்னாடி இருக்கறதை அப்படியே வச்சுக்க பின்தேதி அப்ளிகேஷன் போட்டுப் பாருங்க, 15 சென்டிமீட்டர் சமாச்சாரம்னா கெடைக்க வாய்ப்பு உண்டு. ஃபோன்ல தப்பா சொன்னதுக்கு தேதி, பேரு, குறிப்பு ஏதாவது இருந்தா தனியா கம்ப்ளெயின்ட் போடுங்க, ஆனா அதனால உயரம் கொறையாது. இன்னும் ஒண்ணு, "பில்டிங் கன்ட்ரோல் வந்து பாத்து பாஸ் பண்ணிட்டாரே"ன்னு நீங்க கடைசில எழுதியிருக்கீங்க. அவரு பாக்கறது அஸ்திவாரம், தீ, டிரெய்னேஜ். பிளானிங் அவரு வேலையே இல்ல.

கேள்வி: வீடு வாங்கி மூணு மாசம்தான் ஆகுது, பக்கத்து வீட்ல லாரி வந்து செங்கல் இறக்குது. கேட்டா ரெண்டு வருஷம் முன்னாடியே ரெண்டு மாடிக்கு பெர்மிஷன் வாங்கிட்டாங்களாம். எங்க சொலிசிட்டர் எடுத்த கவுன்சில் சர்ச்ல எதுவுமே வரல. சர்ச்ல தப்பா?

பதில்: தப்பு இல்ல, அந்த சர்ச் நீங்க வாங்கற வீட்டைப் பத்தி மட்டும்தான் பேசும். பக்கத்து வீட்டு பெர்மிஷன் அதுல வராது, இதை வாங்கறதுக்கு முன்னாடி சொல்ற சொலிசிட்டர் குறைவு. பெர்மிஷன் பொதுவா 3 வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சா போதும், அதனால அவங்க நேரத்துக்குள்ளதான் இருக்காங்க. உங்களுக்கு பார்ட்டி வால் நோட்டீஸ் வந்துச்சா பாருங்க, பொதுச் சுவர்னா 2 மாசம் முன்னாடியும் பக்கத்துல அஸ்திவாரம் தோண்டினா 1 மாசம் முன்னாடியும் குடுக்கணும். வந்தா 14 நாளைக்குள்ள பதில் போடுங்க, சர்வேயர் செலவு வழக்கமா கட்டறவங்களோடது. அது 1996 சட்டம், கவுன்சிலுக்கு அதுல பங்கே கிடையாது, அங்க ஃபோன் பண்ணி அரை மணி நேரம் மியூசிக் கேக்காதீங்க. வித்தவங்களுக்கு அந்தப் பெர்மிஷன் விஷயமா நோட்டீஸ் வந்திருந்தும் விக்கும்போது நெரப்பின ஃபார்ம்ல "இல்ல"ன்னு எழுதியிருந்தா, அதைப் பத்தி உங்க சொலிசிட்டர்கிட்ட கேளுங்க.

கேள்வி: கவுன்சில் தப்பு பண்ணினது எங்களுக்கு தெரிஞ்சது போன ஆகஸ்ட்ல. அடுத்த வருஷம் வீட்டை வித்துட்டு பசங்க பக்கத்துல போகலாம்னு இருக்கோம். ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதினா விக்கும்போது அதையெல்லாம் சொல்லணும், வாங்கறவன் ஓடிடுவான், பேசாம இருன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. என்ன பண்றது அக்கா?

பதில்: அவரு சொல்றதுல பாதி சரி. விக்கும்போது நெரப்பற டி.ஏ.6 ஃபார்ம்ல இந்த வீட்டைப் பத்தியோ பக்கத்து வீட்டைப் பத்தியோ தகராறு, புகார் ஏதாவது இருக்கா, வர்றதுக்கு வாய்ப்பு இருக்கான்னு கேப்பாங்க, மறைச்சா வாங்கினவங்க பின்னாடி கேஸ் போடலாம். ஆனா நீங்க கவுன்சிலுக்கு ஏற்கனவே ரெண்டு கம்ப்ளெயின்ட் லெட்டர் போட்டிருக்கீங்களே, அதை எப்படியும் சொல்லித்தான் ஆகணும். அதுக்கு மேல ஆம்பட்ஸ்மேன் பேரு ஒண்ணு சேர்றதால புதுசா யாரும் ஓடப் போறதில்ல, வாங்க வர்றவன் கண்ணுக்கு அந்தச் சுவர் தெரியத்தானே போகுது. பக்கத்து வீட்டுக்காரங்களோட சண்டைன்னு எழுதறது வேற, கவுன்சில் மேல புகார் குடுத்து முடிஞ்சதுன்னு எழுதறது வேற, ரெண்டாவது அவ்வளவா பயமுறுத்தாது.

போன ஆகஸ்ட்ல தெரிஞ்சதுன்னா 12 மாசம் வர்ற ஆகஸ்ட்ல முடியுது. லெட்டர்ல தேதி பாத்தேன், உங்களுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கக் குடுங்க, கவுன்சில்லேர்ந்து வந்த கடைசி பதிலை ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க, ஆம்பட்ஸ்மேன் ஃபார்ம்ல மொதல்ல அதைத்தான் கேப்பாங்க.